ஃபிகெய்ரா விடுதியின் வெற்றுக் கொக்கி

2018 அக்டோபர் 11, வியாழக்கிழமை. லிஸ்பன் நகரின் அல்ஃபாமா மேட்டில் இருக்கும் ஃபிகெய்ரா பாட்டு விடுதியின் சுவரிலிருந்து பன்னிரண்டு தந்திக் கித்தார் ஒன்று காணாமல் போனதாக, அதிகாலை இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் புகார் பதிவானது. காலை ஆறு மணிக்கு, அல்காந்தரா துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலிலிருந்து பின்லாந்து நாட்டுப் பெண் ஒருவரைப் போலீசார் அழைத்துச் சென்றனர். விடுதியில் மேசை பிடிக்கும்போது தன் பெயரையும் கப்பலின் பெயரையும் அவளே சொல்லியிருந்தாள். கப்பல் அன்று மாலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியது.

துப்பறியும் ஒத்தீலியா வாஸ்கெஷுக்கு இந்தத் தகவல் பகல் பதினொன்றரைக்குத்தான் வந்தது. சொன்னவர் கப்பல் ஏஜெண்ட். ரீக்கா சல்மேலா என்ற அந்தப் பெண் மூன்றாம் இன்ஜினியர், பதவி உயர்ந்து முதல் பயணம், இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அவள் இல்லாமல் கப்பல் நகர்ந்தால் ஒப்பந்தம் ரத்து.

"ஏழரை மணி நேரம் இருக்கு, டோனா ஒத்தீலியா" என்றான் ஜெர்சன், வண்டியைக் கிளப்பியபடி. ஆறு வருடம் ஆட்டோவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிவிட்டு, மூன்று வருடமாக அவளுக்கு உதவியாளன். "இந்த ஊர்ல ஒரு போலீஸ்காரர் காப்பி குடிச்சு முடிக்கவே அதுல பாதி போயிடும்."

சொன்னது பலித்தது. அதிகாரி அமோரிம் காப்பிக்குப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு உள்ளே விட்டார். பத்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது, தானும் கூடவே இருப்பேன் என்றார்.

ரீக்கா உயரமான பெண். முப்பது வயதிருக்கும். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. ராத்திரி தூக்கமில்லாத கண்கள்.

"எங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள் ஒத்தீலியா.

"துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்துக்கடையில. செர்ரிப்பழ மது, இத்தனூண்டு கப்புல குடுத்தாங்க. அடியில ஒரு கொட்டை கிடந்துது. என்ன பண்றதுன்னு தெரியல, முழுங்கிட்டேன்."

"துப்பணும்" என்றான் ஜெர்சன். "தெருவுலயே துப்பலாம். இந்த ஊர்ல பெரிய மனுஷங்களுக்கு அனுமதிச்ச ஒரே அசிங்கம் அது."

அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்புறம் அந்தச் சரிவுத் தெரு. எல்லாரும் கிளாசக் கையில வச்சுக்கிட்டு படியிலயே உக்காந்திருந்தாங்க. ஒரு ஆள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அரை மணி நேரம் அவர் நாய்க்கு என்ன வியாதின்னு சொல்லிக்கிட்டிருந்தார். பத்து மணிக்கு ஃபிகெய்ராவுல ஃபாடோப் பாட்டு கேக்கப் போனேன். ஒரு வார்த்தை புரியல, ஆனா அழுதுட்டேன். எனக்கு அழுற பழக்கமே கிடையாது. வாசிச்சவர் மேடைக்குப் போகும்போது என் மேசைய ஒட்டிப் போனார், அவர் வாத்தியத்தோட தலையில கூட ஒரு சொட்டுக் கண்ணீர் செதுக்கியிருந்துது. எல்லாம் யோசிச்சுப் பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன். சத்தியமா சொல்றேன், அது நல்ல ராத்திரி."

ஒத்தீலியா பொறுமையாகத் தலையாட்டினாள். ஃபாடோ கேட்டு வரும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்து நிமிடத்தில் நான்கு போய்விட்டது.

"பாட்டு நடக்கும்போது நடுவுல ஏன் எழுந்தீங்க?"

"ஒரு மணிக்குள்ள கப்பல்ல இருக்கணும். நாலு மணிக்கு என் முறை. மணி பாத்தா பன்னெண்டு இருபது. மழைக்கோட்ட எடுத்துக்கிட்டு எழுந்தேன், அவ்வளவுதான். மொத்த ரூமும் பாம்பு மாதிரி சீறுச்சு. கதவுகிட்ட இருந்தவர் திறக்கவே மாட்டேன்னுட்டார். பாட்டு முடியிற வரைக்கும் மூணு நிமிஷம் கதவோட ஒட்டிக்கிட்டு நின்னேன். பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துது."

"அந்தக் கித்தார நீங்க எடுத்தீங்களா?"

"எந்தக் கித்தார்? காலையிலேருந்து எல்லாரும் இதையே கேக்குறீங்க. சுவத்துல நான் எந்தக் கித்தாரையும் பாக்கவே இல்ல."

அமோரிம் குறுக்கே பேசினார். "பாத்தீங்களா டோனா? தலைக்கு மேல ஒரு முழம் உயரத்துல தொங்கினது கண்ணுல படலையாம். இங்க அஞ்சு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. அஞ்சும் ஒரே மாதிரி. இவ எழுந்திருக்கிற வரைக்கும் கித்தார் தொங்குச்சு. எழுந்தப்புறம் கொக்கி காலி. கையில கறுப்பா எதையோ சுருட்டி அணைச்சு வச்சிருந்தா."

"கப்பல்ல தேடுனீங்களா?"

"தேடினோம், இல்ல. வழியில யார்கிட்டயோ கைமாத்தியிருப்பா. சொல்ற வரைக்கும் பாஸ்போர்ட் என் டிராயர்ல இருக்கும்." கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் ஆச்சு."

ஆகவில்லை. எட்டுதான் ஆகியிருந்தது.

*

அல்ஃபாமாவில் பகல் ஒன்றரை மணிக்கு ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றால் அவர் நேற்றிரவு வீட்டில் தூங்கியவராக இருக்க வேண்டும். ஃபிகெய்ரா இருந்த சந்தில் அப்படி யாரும் இல்லை. எழுதிக் கொடுத்த ஐந்து வாடிக்கையாளர்களில் இருவர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் ஜன்னல் வழியே "சாயந்தரம் வா" என்றார். மற்ற இருவரின் வீட்டு எண்ணை அமோரிம் தப்பாகச் சொல்லியிருந்தார். தூறலில் சுண்ணாம்புக்கல் தரை வெண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. ஒத்தீலியா இரண்டு தடவை சறுக்கினாள். இரண்டாவது தடவை ஜெர்சன் பிடித்தான்.

"அல்ஃபாமாவுல ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னூறு சாட்சி கிடைப்பாங்க" என்றான். "பகல் ரெண்டு மணிக்கு ஒரு பூனைதான். அதுவும் வக்கீல் இல்லாம பேசாது."

விடுதிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டேகால் மணிக்கு முதலாளி வால்டெமார் பனியனோடு வந்து திறந்தார். அறுபது வயது, தடித்த கழுத்து, கோபம் ஆறாத முகம்.

"எதிர்த்தரப்புக்கு வேலை செய்றவங்கதானே? சீக்கிரம் கேளுங்க. மீன் வெட்டணும்."

உள்ளே நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. பின் மூலை மேசைக்கு மேலே சுவரில் பெரிய இரும்புக் கொக்கி மட்டும் இருந்தது.

"என் மாமனாரோடது" என்றார் வால்டெமார். "கோயிம்ப்ராவுல செஞ்சது. எழுபது வருஷம் ஆச்சு."

ஜெர்சன் விசிலடித்தான். "லிஸ்பன் விடுதியில கோயிம்ப்ரா கித்தாரா? பாட்டுல ரெண்டு ஊருக்கும் ஆகாதே. உங்க மாமனார் எதிரி வீட்டுல பொண்ணு குடுத்திருக்காரு, சென்யோர்."

"அதனாலதான் சுவத்துல தொங்குது. மாசத்துக்கு ஒருதரம் அபீலியோ துடைச்சு, தந்தி மாத்தி வைப்பான். எங்க வாத்தியக்காரன். மத்தபடி யாரு அத வாசிப்பா? இந்த மேட்டுல அதை எடுத்து வாசிச்சா ஆளுங்க எழுந்து போயிடுவாங்க."

"கடைசியா எப்போ பாத்தீங்க?" என்றாள் ஒத்தீலியா.

"பதினொரு மணிக்கு. கதவுகிட்ட நின்னு ஒரு சுத்து பாத்தேன். தொங்குச்சு."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"வீட்டுச் சுவத்துல இருக்கிற யேசுவ தினமும் கிட்டப் போய்த் தொட்டா பாக்குறீங்க?"

ஒத்தீலியா தன் ஒரே சீட்டை இறக்கினாள். "சென்யோர் வால்டெமார், அந்தப் பொண்ணு எழுந்ததும் முப்பது பேர் திரும்பிப் பாத்தாங்க. கதவுகிட்ட மூணு நிமிஷம், உங்க மூக்குக்கு எதிர்ல நின்னா. திருடணும்னு வந்தவ இந்த ஊர்ல செய்யவே கூடாத ஒரே காரியத்தச் செஞ்சு ஊர்க் கண்ண முழுக்கத் தன் மேல இழுத்துப்பாளா? அத்தனை கண்ணு பாத்தும் கித்தார் கண்ணுல படலைன்னா, அது அவகிட்ட இல்ல."

"கோட்டுக்குள்ள இருந்துது."

"அவ்வளவு பெரிய கித்தார் கோட்டுக்குள்ள போகாது."

"போகும்."

"போகாது."

வால்டெமார் சமையலறைக்குள் போனார். பெரிய உப்புக் கருவாடு ஒன்றோடு திரும்பினார். முழு மீன், இரண்டாகப் பிளந்து காயவைத்தது. அகலம், நீளம் எல்லாம் கித்தார் அளவேதான். தலைக்குப் பதில் வால். "இதச் சுத்திக் காட்டச் சொல்லுங்க உங்க ஆள."

ஜெர்சன் ஒத்தீலியாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் தன் கறுப்பு மழைக்கோட்டைக் கழற்றி, கருவாட்டை அதில் வைத்து, கையை மடித்து, ஒரு சுருட்டு சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுவரை நடந்தான். திரும்பி நின்றான்.

கருவாடு கொஞ்சமும் தெரியவில்லை. மழை நாளில் கோட்டைச் சுருட்டிப் பிடித்திருக்கும் சாதாரண மனிதனாகத்தான் இருந்தான்.

வால்டெமார் மீனுக்குக் கையை நீட்டினார்.

"டோனா" என்றான் ஜெர்சன் கடைசியில், "நம்ம கட்சிக்காரிக்கு எதிரான முதல் விஞ்ஞான ஆதாரத்த நாமளே கண்டுபிடிச்சிருக்கோம்."

"மீனக் குடு" என்றார் வால்டெமார். "நாளைக்குச் சமைக்கணும்."

*

பாடகி லுசீந்தா இரண்டு சந்து தள்ளி நான்காம் மாடியில் இருந்தாள். மணி அடித்ததற்குப் பதில் இல்லை. ஜெர்சன் தெருவில் நின்று கத்தினான். எதிர்வீட்டில் யாரோ அவனைத் திட்டினார்கள். மூன்றே முக்காலுக்கு மேலே ஜன்னல் திறந்தது. தலையில் வலை, கழுத்தில் கம்பளித் துணி.

"செத்துப் போனவங்களக் கூட இப்படி எழுப்ப மாட்டாங்கடா! என்ன வேணும்?"

"நேத்து ராத்திரி எழுந்து போன பொண்ணப் பத்தி!" என்று கீழிருந்து கேட்டாள் ஒத்தீலியா.

"அவளா? என் பாட்டக் குலைச்ச பாவி. நான் எதையும் பாக்கல. கண்ண மூடிக்கிட்டுப் பாடுறவகிட்ட வந்து சாட்சி கேக்குறீங்களே, வேற ஆளே கிடைக்கலையா?"

"வித்தியாசமா எதுவுமே இல்லையா, டோனா லுசீந்தா?"

"எனக்குத் தொண்ட கட்டியிருந்துது, அதான் வித்தியாசம். அந்த அபீலியோ இருக்கானே, தங்கம். நான் கேக்கவே இல்ல, அவனா ஒரு சுதி இறக்கி வாசிச்சான். பதினாறு வருஷத்துல என் கஷ்டத்த அவனாப் புரிஞ்சுக்கிட்டது இதுதான் முதல் தடவ. முடிஞ்சதும் கன்னத்துல முத்தம் குடுத்தேன். அழுதுட்டான் மனுஷன். இப்போ போறீங்களா, தூங்கணும்."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

"நல்ல செய்தி" என்றான் ஜெர்சன். "வழக்குல இதுவரைக்கும் ரெண்டு பேர் அழுதிருக்காங்க. மூணாவது நான்."

ஒத்தீலியா சந்தில் இறங்கி நடந்தாள். ஈரம் காலணிக்குள் இறங்கியிருந்தது. நான்கு மணி நேரத்தில் அவள் கண்டுபிடித்தது, ஒரு கோட்டுக்குள் ஒரு கருவாடு போகும் என்பதுதான். போன் அடித்தது. ஏஜெண்ட்.

"கேப்டன் கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க."

"ஏழுக்கு மேல ஒரு நிமிஷம் கூட நிக்காது, டோனா. இழுவைப் படகு சொல்லியாச்சு. மாத்து ஆளுக்கும் போன் போட்டாச்சு. ரீக்கா இடத்துக்கு ஒருத்தன், நாளைக்குக் கப்பல் அடுத்து நிக்கிற லெய்ஷோயிஷ் துறைமுகத்துல ஏறத் தயாரா இருக்கான்."

போனை வைத்தாள். "திரும்பப் போகலாம்" என்றாள்.

"எங்க?"

"அந்த ரூமுக்கு. நாம பகல் வெளிச்சத்துல பாத்தோம். அவங்க ராத்திரி வெளிச்சத்துல பாத்தாங்க. விளக்க இறக்கச் சொல்லிப் பாக்கணும்."

"அந்த ஆள் வெட்டுக்கத்தியோட இருக்காரு."

"அதனாலதான் உன்னக் கூட்டிட்டுப் போறேன்."

*

வால்டெமார் மறுத்தார். பிறகு, இது ஐந்து நிமிட வேலை என்பதாலும் எப்படியும் விளக்குகளைச் சரிபார்க்க வேண்டியிருந்ததாலும், ஜன்னல் கதவுகளைச் சாத்தி, மேல் விளக்கை அணைத்து, மூலைகளில் இருந்த சிவப்பு விளக்குகளை மட்டும் விட்டார். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். "பாத்துக்கோங்க, அடுப்புல குழம்பு இருக்கு" என்று உள்ளே போனார்.

ஒத்தீலியா அறையின் நடுவில் நின்றாள். முகங்கள் இருக்க வேண்டிய உயரத்தில் எல்லாம் ஒரு மங்கல். மேடைக்குப் பத்தடி தள்ளி நின்றால் மேடையில் இருப்பவரின் கை தெரியும், கையில் இருப்பது என்ன என்று மனம்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் ஜெர்சன் ரீக்காவின் மேசையில் உட்கார்ந்துவிட்டான். ஈரக் கோட்டைக் கழற்றினான். உப்பு மீன் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. முகம் சுளித்து, கோட்டை எங்கே வைப்பது என்று பார்த்து, எழுந்து தலைக்கு மேல் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

சமையலறைக் கதவு திறந்தது. வால்டெமார் கரண்டியோடு ஓரடி வைத்தவர் அப்படியே நின்றார்.

"அட!" என்று கத்தினார். "எங்கேருந்து கெடச்சுது? யார் கொண்டு வந்து மாட்டினது?"

ஒத்தீலியா அவர் பார்வை போன திசையில் திரும்பினாள். கொக்கியில் தொங்கிய கோட்டின் தொப்பி மேலே ஒடுங்கி, உடம்பு கீழே புடைத்து, சுவரில் இருட்டாக இருந்தது. முப்பது வருடமாக அங்கே ஒரு கித்தார் தொங்குவதைப் பார்த்த கண்களுக்கு அது கித்தார்தான்.

"கிட்டப் போய்ப் பாருங்க" என்றாள்.

அவர் போனார். தொட்டார். கையை முகர்ந்தார்.

"இது என் கருவாடு."

ஒத்தீலியா அதற்குள் அமோரிமைப் போனில் கூப்பிட்டிருந்தாள். அவர் அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்க முடியாது என்றார், விதி என்றார். "அப்போ நீங்களே கேளுங்க. நேத்து அவ மழைக்கோட்ட எங்க வச்சிருந்தா? அவ்வளவுதான் கேள்வி." போனுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், கதவுச் சத்தம். கடைசியில் அவர் பொறுமை இழந்து போனையே கொடுத்துவிட்டார் போலிருந்தது.

"தலைக்கு மேல ஒரு கொக்கி இருந்துது" என்றது ரீக்காவின் குரல். "அதுல மாட்டினேன். ஏன், அது கோட்டுக்கு இல்லையா?"

"நீங்க மாட்டும்போது அங்க கித்தார் இருந்துதா?"

"கித்தார் இருந்தா கோட்ட எப்படி மாட்டுவேன்? காலியா இருந்துது. நான்தான் சொன்னேனே, எந்தக் கித்தாரையும் பாக்கலைன்னு."

"கோட்டக் கொக்கியில மாட்டினத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

ஒத்தீலியா நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு மணி ஐம்பது. ஐந்து பேர் எழுதிக் கொடுத்தது ஐந்தும் உண்மை. அவள் எழுந்திருக்கும்வரை ஏதோ தொங்கியது. எழுந்த பிறகு இல்லை. சுருட்டி எடுத்துப் போனது அவளுடைய கோட்டைத்தான்.

"அப்போ பத்து மணிக்கு முன்னாடியே கித்தார் போயிடுச்சு" என்றான் ஜெர்சன். "வாடிக்கையாளர் வர்றதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல யார் யார் இருப்பாங்க, சென்யோர்?"

"நான், சமையக்காரி, லுசீந்தா, வாத்தியக்காரங்க ரெண்டு பேர். யாரும் வெளிய போகல. ஒன்றரை மணி வரைக்கும் வாசல்ல நான்தான் இருந்தேன். எங்க போச்சு அது?"

"எங்கயும் போகல" என்றாள் ஒத்தீலியா மெதுவாக.

பகல் பன்னிரண்டரை மணிக்கே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வாத்தியத்தின் தலையில் ஒரு சொட்டுக் கண்ணீர். லிஸ்பன் கித்தாரின் தலை நத்தைபோல் சுருண்டிருக்கும். கண்ணீர்த் துளி செதுக்குவது கோயிம்ப்ராக்காரர்கள் மட்டும்தான். அதன் சுதியும் ஒரு படி கீழேதான். இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். லிஸ்பன் மேடையில் ஒருவன் கோயிம்ப்ரா கித்தாரோடு உட்காருவான் என்பதை நினைத்தே பார்க்க முடியாததால் முப்பது பேரும் அதைப் பார்க்கவில்லை. வாத்தியத்தைக் கண்ணால் பார்த்தவள் அந்த அறையில் ஒரே ஒருத்தி. அவள் சொன்னதை, சுற்றுலாக்காரி பேச்சு என்று தலையாட்டித் தள்ளியவள் அல்ஃபாமாவில் பிறந்த ஒத்தீலியா வாஸ்கெஷ்.

"நாலரை மணி நேரம்" என்றாள். "நாலரை மணி நேரம் வீணடிச்சிருக்கேன், ஜெர்சன்."

"கருவாட்டையும் சேத்துக்கோங்க."

"சென்யோர் வால்டெமார், உங்க கித்தார் நேத்து ராத்திரி முழுக்க இந்த மேடையிலதான் இருந்துது. நீங்க காசு குடுத்து வாசிக்க வச்சிருக்கீங்க. லுசீந்தா தொண்டைக்காக அவர் சுதி இறக்கல. அந்த வாத்தியமே அந்தச் சுதிதான். ஒன்றரை மணிக்கு அபீலியோ பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தப்போ கதவத் திறந்து விட்டது யாரு?"

வால்டெமாரின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

"நான்தான்" என்றார். "மழையில வழுக்கும், பாத்துப் போன்னு வேற சொன்னேன்."

*

அபீலியோவின் வீடு தொண்ணூற்றிரண்டு படி மேலே. ஜெர்சன் எண்ணிக்கொண்டே ஏறினான். கதவு ஒரே தட்டலில் திறந்தது. ஐம்பத்தெட்டு வயது ஒல்லி மனிதர், சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, காத்திருந்தவர்போல் நின்றார். மேசைமேல் பெட்டி இருந்தது.

"உள்ளதான் இருக்கு" என்றார். "ஒரு கீறல் இல்ல."

"உங்களோடது?"

அவர் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். நத்தைத் தலை தனியாக, கழுத்து தனியாக இருந்தது. "செவ்வாக்கிழமை. இந்தப் படியிலதான். மழை. என்னக் காப்பாத்திக்கிறதா, அதக் காப்பாத்துறதான்னு யோசிக்க நேரமில்ல." துணியை மூடினார். "போன மாசம் ரெண்டு நாள் காய்ச்சல்ல வரல. இன்னொரு நாள் வராம இருந்தா வேற ஆளப் போட்டுடுவேன்னு வால்டெமார் சொல்லியிருக்கான். இருபத்தேழு வயசுல ஒருத்தன், வாரா வாரம் வந்து அவன்கிட்ட வேலை கேக்குறான். புதன்கிழமை மட்டும் சமாளிச்சிட்டா, அப்புறம் வேற ஒண்ணு கடன் வாங்கிக்கலாம்னு நெனச்சேன். வியாழன் காலையில கொண்டு போய் மாட்டிட்டா யாருக்கும் தெரியாது."

"மாட்டலையே."

"ஒம்பது மணிக்குக் கொண்டு போனேன். சந்து முனையில போலீஸ் வண்டி நின்னுது. திரும்பி வந்துட்டேன்."

"ஒரு பொண்ணப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு தெரியுமா?"

அவர் துணி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "பத்து மணிக்குச் சமையக்காரி சொன்னா. வெளிநாட்டுக்காரின்னா. ஒரு நாள் கேள்வி கேட்டுட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"ஏழு மணிக்கு அவ கப்பல் போயிடும். போனா அவ வேலையும் போயிடும். இன்னொருத்தன் அவ இடத்துக்கு ரெடியா இருக்கான்."

அபீலியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அது எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "நான் எதையும் மறைக்கல, டோனா. தலையில துணி கூடச் சுத்தல. முப்பது பேருக்கு எதிர்ல வாசிச்சேன். முதல் பாட்டு முடிஞ்சதும் எவனாவது எழுந்து கத்துவான்னு காத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் கண்ண மூடிக் கேட்டுட்டு, கை தட்டினாங்க."

"அந்தப் பொண்ணு பாத்தா" என்றாள் ஒத்தீலியா. "கிளம்புங்க. நடந்துக்கிட்டே பேசலாம்."

*

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காவல் நிலையம் வந்தார்கள். கித்தார் அமோரிமின் மேசையில் இருந்தது. அபீலியோ சொன்னதை அவர் தட்டச்சு செய்துகொண்டார், இரண்டு விரலால். புகாரைக் கொடுத்தவரே நேரில் வந்து திரும்பப் பெற வேண்டும் என்றார். வால்டெமார் சட்டை மாற்றிக்கொண்டு வர ஆறரை ஆனது. தாள் அச்சாகும்போது இயந்திரம் சிக்கியது.

"ஒரு உதை விட்டா சரியாயிடும்" என்றான் ஜெர்சன்.

"அரசாங்கச் சொத்து" என்றார் அமோரிம்.

"நான் இயந்திரத்தச் சொல்லல."

இரண்டாவது தாளில் வால்டெமாரின் பெயர் தப்பாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். மூன்றாவது தாள் சரியாக வந்தபோது ஆறு ஐம்பத்திரண்டு. டிராயர் சாவி ஆறு மணிக்கு முறை முடிந்து கிளம்பிப்போன சக காவலரின் பையில் இருந்தது. அவர் பக்கத்துத் தெருவில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஜெர்சன் ஓடிப்போய் வாங்கி வந்தான்.

ரீக்கா பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியபோது ஏழு பன்னிரண்டு. நிலையத்தின் வாசலிலிருந்து, கப்பல் கிளம்பிப் போகும் நதி தெரியும். ஒத்தீலியா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏஜெண்டுக்குப் போன் போட்டு, புகார் திரும்பப் பெற்ற தாளின் படத்தை அனுப்பி, கேப்டனை இணைப்பில் கொண்டுவரச் சொன்னாள். கேப்டன் நான்கு நிமிடம் கேட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு லெய்ஷோயிஷில் கப்பலில் ஏறும் பலகையில் முதலில் கால் வைப்பவர் எவரோ அவரே மூன்றாம் இன்ஜினியர் என்றார்.

"அந்த இன்னொருத்தன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள் ரீக்கா.

"போர்த்தோவுலதான். துறைமுகத்துக்கு அரை மணி நேரம்" என்றாள் ஒத்தீலியா. "எட்டரை மணிக்கு ரயில் இருக்கு. வண்டியில ஏறுங்க."

ரயில் நிலையத்தில் அபீலியோவும் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர் அதைக் கேட்காமலே திரும்பிப் போனார்.

ரீக்கா சல்மேலா நள்ளிரவுக்குச் சற்று முன் போர்த்தோவில் இறங்கி, துறைமுக வாசலுக்கு வாடகைக் காரில் போய், காவலறைக்கு வெளியே பெஞ்சில் இரவைக் கழித்தாள். காலை ஆறு ஐம்பதுக்குக் கப்பல் கட்டப்பட்டது. ஏழு மணிக்கு அவள் ஏறினாள். மாற்று ஆள் ஏழு இருபதுக்கு வந்து திரும்பிப் போனான். அந்த வெள்ளிக்கிழமை ஃபிகெய்ராவில் அபீலியோவின் நாற்காலியில் இருபத்தேழு வயது வாத்தியக்காரன் உட்கார்ந்து வாசித்தான்.